காலையில் கீச்சு, மத்தியானம் உருண்டை

பிள்ளைகள் அவளைச் சித்தி என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறவர்களிலும் பலர் சித்தி என்றார்கள். தண்ணீர் கேன் போடுகிறவர் அவளைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவரும் வாசலில் நின்று சித்தி என்றுதான் குரல் கொடுப்பார். முதலில் அவளுக்குச் சுருக்கென்றிருந்தது, பிறகு பழகிவிட்டது. தெருவுக்கே சித்தியாக இருப்பது சின்ன விஷயமா என்ன?

தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு. முன்னறை பிள்ளைகளுக்கு, பின்னறை அவளுக்கும் வீட்டுக்காரருக்கும். முன்னறையில் சுவரோரம் சுருட்டி வைத்த பாய்கள், வாசலருகே செருப்பு அடுக்கு, சமையலறைக்குள் யாரும் தவழ்ந்து போகாதபடி இடுப்பளவு மரத்தடுப்பு. தடுப்புக்கு மேலே வரிசையாகக் கொக்கிகள். கொக்கிக்கு ஒரு கோப்பை. படிக்கத் தெரியாத வயதுக்காரர்கள் என்பதால் ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு படம் ஒட்டியிருந்தாள். மீன், சாவி, குடை, பூசணி. தன் படத்தை இன்னொருவர் தொட்டுவிட்டால் வீடு இரண்டாகிவிடும்.

சித்திக்கு ஒரு பெருமை இருந்தது. "என் வாசலுக்கு வந்த பிள்ளையை நான் திருப்பி அனுப்பினதே இல்ல" என்பாள். சொல்லும்போது கழுத்து கொஞ்சம் நீளும். சுவரைச் சுரண்டித் தின்கிற பிள்ளை, தூங்கவே தூங்காத பிள்ளை, அம்மா முதுகு திரும்பியதும் மூச்சை அடக்கி நீலமாகிப் போகிற பிள்ளை என்று மற்ற வீடுகள் கைகழுவிய அத்தனையும் இங்கேதான் வந்து சேர்ந்தன. அதில் பெரிய புள்ளி, பல் முளைத்த நாளிலிருந்து எதிரே வந்ததையெல்லாம் கடித்த ஒரு பெண் குழந்தை. அது நடந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அக்கம்பக்கத்தில் பிள்ளை பார்க்கிற வீடு ஒன்று பாக்கியில்லாமல் துரத்திவிட்ட பிறகு, அவளுடைய அம்மா அழுதுகொண்டே இங்கே வந்தாள். சித்தி அவளுக்கு எலி என்று பெயர் வைத்து உள்ளே கூட்டிக்கொண்டாள். முதல் வாரத்தில் எலி வைத்த தழும்பு இன்றைக்கும் சித்தியின் முன்கையில் இருக்கிறது. யாராவது கேட்டால் பட்டம் வாங்கின மாதிரி காட்டுவாள்.

"இது வீட்டு வாசலா, பஸ் ஸ்டாண்டா?" என்பார் வீட்டுக்காரர். அவர் லிப்ட் பழுது பார்க்கிறவர். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கு, வீட்டில் இத்தனை பேர் ஒரே சமயத்தில் கத்துவது புதிதாகவே இருந்தது.

கீச்சுவும் அப்படி மற்றவர்கள் வேண்டாமென்ற பிள்ளையாகத்தான் வந்து சேர்ந்தாள். மூன்று வயது. பெயருக்கேற்ற குரல், அவள் சாதாரணமாகப் பேசினாலே கதவுக்கீலுக்கு எண்ணெய் விடத் தோன்றும். அவளிடம் ஒரு குற்றமும் இல்லை, தங்கமான பிள்ளை. ஆனால் அவளுக்கு ஒரு தடுப்பூசிகூடப் போட்டதில்லை, போடவும் மாட்டார்கள். அதனால்தான் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

கீச்சுவின் அம்மா கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். நிதானமாகப் பேசுகிறவள். பூசி மெழுகாமல் முதல் நாளே விஷயத்தைச் சொன்னாள்.

"மூத்தவனுக்கு எல்லாம் ஒழுங்கா போட்டோம்க்கா. ஒரு ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வந்து வலிப்பு வந்துடுச்சு. என் மடியில கிடந்தான். கண்ணு மேல போயிடுச்சு. இப்ப நல்லாத்தான் இருக்கான், ஸ்கூலுக்குப் போறான். டாக்டர் காய்ச்சல்ல வர்றதுதான், பயப்பட ஒண்ணுமில்லன்னாரு. அவருக்கென்ன, அவர் மடியிலயா கிடந்தான்? அதோட நிறுத்திட்டோம். இவளுக்கு ஆரம்பிக்கவே இல்ல."

சித்தி, வளர்ந்து தனிக்குடித்தனம் போய்விட்ட தன் பிள்ளைகள் இருவருக்கும் எல்லா ஊசியும் போட்டவள்தான். ஆனால் எதிரே இருந்தவளின் கை, மடியில் இல்லாத பிள்ளையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது வாதாட மனசு வரவில்லை. "உங்க பிள்ளை, உங்க முடிவு" என்று சொல்லிவிட்டு, குடை போட்ட கோப்பையைக் கீச்சுவிடம் கொடுத்தாள். அப்போது இருந்த மற்றப் பிள்ளைகள் ஓர் இரட்டையரும், எல்லாவற்றுக்கும் ஏன் எதற்கு என்று குறுக்கு விசாரணை செய்கிற வக்கீல் என்ற சிறுமியும்தான். மூவரும் ஊசி போட்டுக்கொண்டவர்கள். யாருக்கும் ஆபத்தில்லை என்று சித்தி நினைத்தாள்.

எலி திரும்பி வந்தபோதுதான் சிக்கல் முளைத்தது.

எலி இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறாள். காக்கி நிறச் சட்டை, பின்னால் இறுக்கிக் கட்டிய முடி, இடுப்பில் ஒரு பிள்ளை. பிரசவ விடுப்பு முடிந்துவிட்டது, புருஷனுக்கு வெளியூரில் வேலை, அவளுக்கு மத்தியான முறை. இடுப்பிலிருந்த பிள்ளைக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. கன்னம் நேராகத் தோளில் வந்து இறங்கியது. பார்த்த மாத்திரத்தில் சித்தி அவளுக்கு உருண்டை என்று பெயர் வைத்துவிட்டாள்.

"உங்களை விட்டா வேற யாருகிட்ட விடுவேன் சித்தி?" என்றாள் எலி.

உருண்டைக்குத் தட்டம்மை ஊசி போடுகிற வயது இன்னும் வரவில்லை. சித்திக்கு அது தெரியாமலில்லை. ஊசியே போடாத பிள்ளையையும், ஊசிக்கு வயதாகாத பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைக்கக் கூடாது என்பதும் தெரியும். யாராவது ஒருத்தியிடம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தப் பெருமை என்னாவது? படுத்துப் படுத்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். கீச்சு காலையில் மட்டும் வரட்டும், அவள் அம்மா சாப்பாட்டு இடைவேளையில் வந்து கூட்டிப் போகட்டும். அவள் போன பிறகு உருண்டை வரட்டும். நடுவிலே அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் சித்தி தரையைத் துடைப்பாள், பொம்மைகளைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுப்பாள், கீச்சுவின் பாயைச் சுருட்டிக் கொல்லைக் கொடியில் போடுவாள். கீச்சு தொட்டதை உருண்டை தொடக் கூடாது, அவ்வளவுதானே? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே உள்ளுக்குள் ஒரு சிரிப்பு.

எலி ஒருநாள் கேட்கவும் செய்தாள். உருண்டையை இறக்கிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே, "இங்க வர்ற பிள்ளைங்க எல்லாம் ஊசி போட்டதுதானே சித்தி?" என்றாள்.

"இதோ இருக்காங்களே, எல்லாரும் போட்டவங்கதான்" என்று இரட்டையரையும் வக்கீலையும் கையைக் காட்டினாள் சித்தி. எலி தலையை ஆட்டிவிட்டு ஓடினாள். சித்திக்கு ஒரு நொடி நெஞ்சில் முள் மாதிரி என்னவோ தைத்தது. பொய் சொல்லவில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பால் காய்ச்சப் போனாள்.

அந்த முன்னறைக்கு ஒரே ஒரு சன்னல், அதுவும் தெருவைப் பார்த்தது. தெரு முழுக்கப் பேருந்துச் சத்தம். பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் சன்னலை இறுக மூடித் திரையையும் இழுத்துவிடுவது சித்தியின் வழக்கம். கீச்சு போவதற்கு முன்னால் ஒரு தூக்கம் போடுவாள், அப்போது மூடுகிற சன்னலை உருண்டை தூங்கி எழுந்த பிறகுதான் திறப்பாள். எலியின் பேருந்தும் அந்தச் சன்னலைக் கடந்துதான் போகும். அம்மா ஓட்டுகிற வண்டியின் உறுமலில் பிள்ளை திடுக்கிட்டு எழுந்துவிடக் கூடாதே என்று கூடுதலாக ஒரு துண்டை வேறு இடுக்கில் செருகி வைத்தாள்.

ஒரு சமயம் நாலு நாளாகக் கீச்சுவுக்கு மூக்கு ஒழுகியது, இருமினாள், கண் சிவந்திருந்தது. "ஜலதோஷம்" என்றாள் அவள் அம்மா. சித்தியும் அப்படித்தான் நினைத்தாள். மூக்கு ஒழுகுகிற பிள்ளையையெல்லாம் வீட்டுக்கு அனுப்புவதென்றால் இந்தத் தொழிலில் பொம்மைகளைத்தான் பார்த்துக்கொள்ள முடியும். ஐந்தாம் நாள் கீச்சு வரவில்லை. மத்தியானம், எல்லோரையும் படுக்க வைத்த பிறகு, அவளுடைய அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, உடம்பெல்லாம் தடிப்பு. முகத்துல ஆரம்பிச்சு வயித்து வரைக்கும் இறங்கிடுச்சு. தட்டம்மைன்னு சொல்லிட்டாங்க." குரல் உடைந்திருந்தது. "நாங்க பார்த்துக்குறோம். ஆனா யாருக்கும் சொல்லாதீங்கக்கா. ஊரே எங்களைக் கரிச்சுக் கொட்டும். உங்களை நம்பித்தான் சொல்றேன்."

"ஐயோ, நான் ஏன்மா சொல்லப் போறேன்? பிள்ளையைப் பாருங்க முதல்ல" என்றாள் சித்தி. மனசாரத்தான் சொன்னாள். போனை வைத்தபோது பெருமூச்சுகூட விட்டாள். நல்ல வேளை, உருண்டை அவள் பக்கத்திலேயே போகவில்லை.

இருந்தாலும் இரட்டையருக்கும் வக்கீலுக்கும் ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டுவைப்போம் என்று நினைத்துச் சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தாள். பேசிய நர்ஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஊசி போட்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது, கவனித்துக்கொண்டால் போதும் என்றாள். பிறகு, "ஊசி போடாத சின்னக் குழந்தை யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு கைக்குழந்தை இருக்கும்மா. ஆனா ரெண்டு பேரும் ஒண்ணா இருந்ததே இல்ல. அவ போய் அரை மணி கழிச்சுதான் இது வரும்."

"அதே ரூமா?"

"அதே ரூம்தான். ஆனா துடைச்சு, கழுவி, பாயை வெளியில போட்டு..."

"சன்னல் திறந்திருந்ததா?"

சித்தி மூடியிருந்த சன்னலைப் பார்த்தாள். இடுக்கில் செருகிய துண்டைப் பார்த்தாள்.

"இது தொட்டாத்தான் ஒட்டிக்கும்னு இல்லம்மா" என்றாள் நர்ஸ். "இருமினா காத்துல நிக்கும். அந்தப் பிள்ளை எழுந்து போன பிறகும் ரெண்டு மணி நேரம் வரைக்கும் அந்த ரூம்லயே இருக்கும். மூடின ரூம்னா கேக்கவே வேணாம்."

சித்தி போனைக் காதில் வைத்தபடியே பாய்ப் பக்கம் திரும்பினாள். எதிரே உருண்டை கையிரண்டையும் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, நேற்று வரை இழுத்த மாதிரியே அறைக் காற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

"இவ்வளவு சின்னதுக்கு வந்தா நெஞ்சுல இறங்கிடும், மூளை வரைக்கும் போகலாம்" என்று நர்ஸ் தொடர்ந்தாள். "பயமுறுத்தச் சொல்லல. தடுக்குறதுக்குத் தனியா ஒரு மருந்து இருக்கு, ஊசியா போடுவோம். ஆனா காத்து பட்ட சில நாளைக்குள்ள போட்டாத்தான் பலன். நீங்க சொல்றதைப் பார்த்தா நாள் முக்கால்வாசி ஓடிடுச்சு. இன்னைக்கே அம்மாவையோ அப்பாவையோ கூட்டிட்டு வாங்க. பெத்தவங்க சம்மதம் இல்லாம போட மாட்டோம்."

சித்தி முதலில் செய்தது சன்னலைத் திறந்ததுதான். இவ்வளவு நாள் கழித்து அதைத் திறந்து என்ன ஆகப் போகிறது என்று தெரிந்தும் திறந்தாள். சத்தம் உள்ளே பாய்ந்து இரட்டையர் எழுந்து அழத் தொடங்கினார்கள்.

யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த போன் இன்னும் கையில் சூடாக இருந்தது. இப்போது சொல்லப் போக வேண்டும். அதுவும் எலியிடம். வண்டியில் ஏறும்போதே ஓட்டுநர்கள் போனை அணைத்துவிட வேண்டும் என்பது அவர்கள் கம்பெனி விதி. அவள் பணி முடிந்து வரும்போது சுகாதார நிலையம் மூடியிருக்கும். பேருந்துக்கே போனாலொழிய வழியில்லை.

இடுப்பு பிடித்துக்கொண்டதென்று அன்றைக்கு விடுப்பிலிருந்த வீட்டுக்காரரை எழுப்பினாள். "ஏங்க, இவங்க மூணு பேரையும் பார்த்துக்குங்க. நான் வர்றதுக்கு நேரமாகும்."

"நானா? என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். உயிரோட இருந்தா போதும்."

"அவங்களா, நானா?" என்று அவர் கேட்பதற்குள் சித்தி உருண்டையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நிறுத்தத்தில் இரண்டு பேருந்துகள் வந்து போயின. மூன்றாவதில் எலி இருந்தாள். முன்கதவு திறந்ததும் அவள் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு குழந்தையைப் பார்த்துச் சுருங்கியது.

"என்ன சித்தி? காய்ச்சலா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கா. கடைசி ஸ்டாப்ல பேசிக்கலாம்."

பின்னால் ஒரு லாரி ஹாரனை அழுத்தியது. எலி கதவை மூடி வண்டியை எடுத்தாள். ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் சித்தி உட்கார்ந்தாள். எதிரே, வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. உட்கார்ந்ததும் வந்த முதல் நிம்மதி அதுதான், இப்போது பேச வேண்டியதில்லை. அப்படி நினைத்ததற்காக உடனே தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் எலியின் கண்கள் மேலே இருந்த கண்ணாடிக்கு வந்தன. கண்ணாடியில் குழந்தையைப் பார்ப்பாள், சித்தியின் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி சாலைக்குப் போய்விடுவாள். உருண்டை எழுந்து, அம்மாவின் பின்னந்தலையைக் கண்டுபிடித்து, கையை நீட்டித் துள்ளியது. பக்கத்தில் இருந்த அம்மாள், "அம்மாவைத் தெரியுது பாரு!" என்று கொஞ்சினாள். சித்தி சொல்ல வேண்டியதை மனசுக்குள் எப்படி எப்படியோ கோத்துப் பார்த்தாள். நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன் என்று ஆரம்பிக்கலாம். அந்தப் பொம்பளை பாவம் என்று ஆரம்பிக்கலாம். எதில் ஆரம்பித்தாலும் எலி அன்றைக்கு ஒரு செருப்பை மாட்டியபடி கேட்ட கேள்வியில்தான் வந்து முட்டியது. எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். எலி என்ஜினை நிறுத்திவிட்டு, இருக்கையில் இருந்தபடியே திரும்பினாள்.

"சொல்லுங்க."

சித்தி சொன்னாள். எந்த அலங்காரமும் வரவில்லை. காலையில் ஒரு பிள்ளை வருகிறாள், அவளுக்கு ஊசி போட்டதில்லை, அவளுக்குத் தட்டம்மை, அதே அறை, மூடின சன்னல், இன்றைக்கே ஒரு மருந்து போட வேண்டும். கீச்சுவின் பெயரையும் அவள் அம்மாவின் கடையையும் மட்டும் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் வாக்கைக் காப்பாற்றினாள்.

எலி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"நான் உங்ககிட்ட கேட்டேன்ல சித்தி?"

"கேட்டம்மா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

 எலி எழுந்து, குழந்தையைத் துண்டோடு வாங்கிக்கொண்டாள். துண்டைப் பிரித்துச் சித்தியின் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"நானும் வர்றேன்" என்றாள் சித்தி.

"வேணாம். அங்க மூணு பிள்ளைங்க இருக்குல்ல? அவங்களைப் போய்ப் பாருங்க."

வண்டிச் சாவியை மேற்பார்வையாளரிடம் கொடுத்து, அவர் கையைப் பிசைந்துகொண்டு என்னவோ சொல்வதைக் கேட்காமல், சீருடையோடு, குழந்தையோடு, எலி ஆட்டோவில் ஏறிப் போனாள்.

மருந்து நேரத்தோடு போடப்பட்டது. சித்திக்கு அதைச் சொன்னது நர்ஸ்தான், எலி இல்லை. அன்று மாலையே இரட்டையரின் அம்மாவுக்கும் வக்கீலின் அப்பாவுக்கும் சித்தி நடந்ததைச் சொன்னாள். இரட்டையர் கொஞ்ச நாள் வரவில்லை, பிறகு வந்தார்கள். வக்கீலுடைய அப்பா, "இனிமே சொல்லிடுங்க" என்றதோடு விட்டுவிட்டார். விஷயம் எப்படியோ கீச்சுவின் அம்மா காதுக்குப் போனது. அவள் "நம்பித்தானேக்கா சொன்னேன்" என்று ஒரு வரி மட்டும் போனில் சொல்லி வைத்துவிட்டாள். உருண்டைக்கு எதுவும் வரக் கூடாதே என்று சித்தி காத்திருந்த அந்த வாரங்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பேருந்து போகிற சத்தம் கேட்டாலே சன்னலுக்கு ஓடினாள். ஒருநாள் நர்ஸ், கெடு தாண்டிவிட்டது, குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றாள். சித்தி தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். வக்கீல் வந்து ஏன் எதற்கு என்று விசாரித்தாள்.

உருண்டை மட்டும் வரவில்லை. எலி வேறெங்கோ ஏற்பாடு செய்துகொண்டாள்.

தழும்பு ஏதுமில்லாமல், கொஞ்சம் இளைத்து, கீச்சு தேறினாள். தேறியதும் அவள் அம்மா அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கோபத்தையெல்லாம் எங்கோ வைத்துவிட்டு வந்திருந்தாள். வேறு போக்கிடம் இல்லாதவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

"இவளுக்கு வந்துட்டுப் போயிடுச்சுக்கா. இனிமே தட்டம்மை வராதாம். அதைக் காட்டி யாரும் எங்களைத் தள்ள முடியாது."

"மத்தது இருக்கேம்மா. கக்குவான் இருக்கு, இன்னும் என்னென்னவோ இருக்கு. அதுக்காவது போடுவீங்களா?"

 "முடியலக்கா. ஊசின்னு நினைச்சாலே என் பையன் முகம்தான் வருது. முயற்சி பண்ணிப் பார்த்தேன். க்ளினிக் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

"அப்ப முடியாதும்மா" என்றாள் சித்தி. "கைக்குழந்தைங்க வர்ற வீடு இது."

வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்னாள். இதற்குள் கீச்சு பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றி அடுக்கில் வைத்துவிட்டு, உள்ளே ஓடி, குடைக் கோப்பைக்கு எக்கிக்கொண்டிருந்தாள். சித்தி அதை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். வாசலுக்குக் கூட்டி வந்து, குனிந்து, செருப்பை எடுத்து மாட்டிவிட்டாள்.

"இப்பதானே கழட்டினேன்?" என்று கீச்சு கேட்டாள்.

அந்தக் குரல் நாலு நாள் சித்தியின் தலைக்குள்ளேயே இருந்தது.

வீட்டுக்காரர்தான் அன்றைக்குக் கேட்டார். "கைக்குழந்தைன்னு சொன்னியே, எது? அந்த உருண்டைதான் வர்றதில்லையே. இவளையாவது வச்சிருக்கலாம்ல?"

"வரலைன்னாலும் அவ இடம் அவளுக்குத்தான்" என்றாள் சித்தி. சரியாகத்தான் செய்தோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி பாத்திரத்தைப் பலமாகத் தேய்த்தாள்.

மாதங்கள் போயின. ஒருநாள் கடைத்தெருவுக்குப் போக நிறுத்தத்தில் நின்றாள். வந்த பேருந்தில் எலி. சித்தி பின்வாங்கி அடுத்த வண்டிக்கு நிற்கலாமா என்று யோசித்தாள்.

"ஏறுங்க" என்றாள் எலி.

சித்தி பழைய இருக்கையிலேயே உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது, எலி அந்த அறிவிப்புப் பலகையைச் சட்டை செய்யாமல், திரும்பாமலே பேசினாள்.

"உருண்டை நடக்குறா. ஊசியும் போட்டாச்சு. அந்த மருந்து போட்டதால தள்ளித்தான் போடணும்னாங்க, போன வாரம் போட்டாங்க."

"நல்லதும்மா." சித்தி பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமையில இருந்து கொண்டுவந்து விடலாம்னு பார்க்குறேன். உங்களுக்குச் சரின்னா."

சித்தியின் கண்ணை நீர் மறைத்தது. தலையை ஆட்டினாள், கண்ணாடியில் எலி பார்த்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு இன்னும் காலையில வருதா?"

"இல்லம்மா. அனுப்பிட்டேன். திரும்பக் கொண்டுவந்தாங்க, முடியாதுன்னு சொல்லிட்டேன்." எலி சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள்.

எலி பச்சை விளக்குக்காகக் காத்திருந்தாள். அவள் பார்வை கண்ணாடியில் சித்தியின் முன்கைக்கு, அந்தத் தழும்புக்கு, வந்து நின்றது.

"அப்ப அவளை யாரு பார்த்துக்குறா?"

சித்திக்குத் தெரியும். போன வாரம்தான் பார்த்தாள். கண்ணாடிக் கடையின் கல்லாவுக்குக் கீழே, காலிக் கண்ணாடிக் கூடுகளுக்கு நடுவில், பிள்ளை தனியாக உட்கார்ந்து ஒரு கூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குடைக் கோப்பை. கீச்சு நிமிர்ந்து பார்ப்பதற்குள் சித்தி சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டாள்.

"யாரும் இல்லம்மா" என்றாள் சித்தி.

விளக்கு பச்சைக்கு மாறியது. எலி வண்டியை எடுத்தாள்.